லாக்கின் மறுபாதி

ஷமீமா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஊசிக்கு அவள்தான் காவல். தையல் மெஷினில் ஊசி உடைந்தால், டெய்லர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அவளிடம் வர வேண்டும். அவள் அவற்றை வெள்ளைத் தாளில் சேர்த்து வைத்துப் பார்ப்பாள். முறிந்த இடங்கள் பொருந்தி முழு ஊசியானால், நோட்டில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி தருவாள். முனை குறைந்தால் தர மாட்டாள். அது கிடைக்கும்வரை அந்த மெஷின் ஓடாது, தைத்த துணிக்கட்டும் வெளியே போகாது. குழந்தைகள் உடம்பில் போடுகிற துணி. பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. டெய்லர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை 'ஊசி போலீஸ்' என்பார்கள். அவளுக்கும் அது தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் கார் முன்பக்கம் தூக்கி நின்றது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்திருந்தான் அவள் கணவன் அனீஸ். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு மெக்கானிக். எந்த இரும்பும் தன் பேச்சைக் கேட்கும் என்ற எண்ணம் அவனுக்கு உண்டு. பெரும்பாலும் கேட்கவும் செய்யும். காரை விற்று, தன் தங்கை கணவன் தௌபிக்கோடு சேர்ந்து நாலு தையல் மெஷின் போடுவதாக ஏற்பாடு. காரை வாங்க சேவூர் விவசாயி மகுடேஸ்வரன் விலை பேசி முடித்துவிட்டார். வண்டியைத் திருப்பும்போது முன்சக்கரத்தில் கடகடவென்று வருகிற சத்தத்தை மட்டும் நிறுத்தித் தரச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு வருவார். சாயங்காலமே அதில் பெண்டாட்டி பிள்ளைகளோடு பழனிக்குப் புறப்படுகிறார்.

சத்தம் டிரைவ் ஷாப்டில். கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு அது. கோயமுத்தூரிலிருந்து வேறொன்று வாங்கி வந்து வைத்திருந்தான். கியர் ஆயிலை வடித்து, சக்கரத்தைக் கழற்றி, ஹப் நட்டை எடுத்து, பழைய ஷாப்டை இரும்புக் கம்பியால் நெம்பினான். வராமல் அடம்பிடித்துக் கடைசியில் சட்டென்று வெளியே வந்தது. புதியதைச் செருகி உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்துக் குத்த, 'டக்' என்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு அனீஸ் சிரித்தான்.

பழைய ஷாப்டைத் துடைக்க எடுத்த ஷமீமா சிரிக்கவில்லை. அதன் உள்முனையில், கியர்பாக்ஸிலிருந்து கழன்றுவிடாமல் பிடிக்க, லாக் என்று ஒரு வளையம் இருக்கும். ஒரு ரூபாய்க் காசின் விளிம்பளவு கம்பி. அதில் பாதிதான் இருந்தது.

"ஏனுங்க, இதோட மறுபாதி எங்கீங்க?"

"கீழ எங்காச்சும் உழுந்திருக்கும்."

"ஆயில் புடிச்ச தட்டுல இல்லீங்க."

"அப்ப மண்ணுல கெடக்கும். உங்க கம்பெனி ரூல்ஸக் கம்பெனி கேட்டுலயே உட்டுட்டு வரமாட்டியா நீயி?"

"கியர்பாக்ஸுக்குள்ள உழுந்திருந்தா?"

விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். துண்டு உள்ளேயே எங்காவது ஒதுங்கிக் கிடக்கலாம். அல்லது தாராபுரம் ரோட்டில் வேகமாகப் போகும்போது கியர் பல்லுக்கு நடுவே சிக்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடலாம்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கொண்டுவந்து வாசல் மண்ணை அவள் சாண் சாணாகத் தடவினாள். துடைத்துப் போட்ட பனியன் வேஸ்டை ஒவ்வொரு துண்டாக உதறினாள். வடித்த ஆயிலை வெள்ளை பனியன் துணியில் ஊற்றி வடிகட்டினாள். கறுப்பாக இறங்கியது, துணியில் எதுவும் தங்கவில்லை. மணி பதினொன்றரை.

"ஷாப்டை மறுபடி கழட்டி உள்ள காந்தம் உட்டுப் பாத்தா?"

"கழட்டுனா ஆயில் சீல் போயிரும், ஆயில் ஒழுகும். ஞாயித்துக்கெழமை எந்தக் கடை தொறந்திருக்கு? அவரு வந்து நிக்கறப்ப என்ன சொல்றது?"

எழுந்து வீட்டுக்குள் போனான். டூல்ஸ் பெட்டி உருளும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் திரும்பி வந்து சக்கரத்தடியில் குனிந்தான்.

"இதா, கெடச்சிருச்சு. கல்லுக்குக் கீழ பூந்து கெடந்திருக்கு."

ஷமீமா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மகள் மஹ்னூரின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்தாள். ஒன்றின் முனை தானாக முறிந்த இடம். சொரசொரவென்று சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் இருந்தது. மற்றதன் முனை மழுங்கலாக, பளபளவென்று, கட்டிங் பிளேயர் கடித்த இடம். இரண்டும் ஒன்றல்ல.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, தான் செய்தது நினைவுக்கு வந்தது. எட்டு வருடத்துக்கு முன், ஷிப்மென்ட் போகும் நாளில், மருதாள் என்ற டெய்லரின் ஊசி உடைந்து முனை கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். ஷமீமா பழைய டப்பாவிலிருந்து வேறொரு முனையை எடுத்து ஒட்டிக் கையெழுத்து வாங்கினாள். கம்பெனியில் அப்போது ஊசி கண்டுபிடிக்கும் டிடெக்டர் கிடையாது. கட்டு கப்பலேறியது. அதைப் பற்றி இன்றுவரை எந்தச் சேதியும் இல்லை. புகார் வந்திருந்தால் ஏச்சு வாங்கியிருப்பாள், ஒருவேளை வேலை போயிருக்கும். ஏதோ ஒரு விதத்தில் முடிந்திருக்கும். எந்தக் குழந்தை, குத்தியதா இல்லையா என்று தெரியாத ஒன்றுக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அதனால் அது முடியாமலே இருந்தது.

தாளோடு வாசலுக்கு வந்தாள்.

"இது ஒடஞ்சதில்லீங்க. கட் பண்ணுனது."

அனீஸ் நட்டை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

"நானும் ஒருக்கா இப்படி ஒட்டி வெச்சிருக்கறனுங்க. எட்டு வருசமாச்சு. இன்னும் ஒரு நாளு முழுசாத் தூங்குனதில்ல."

ஸ்பேனர் நின்றது. அவன் எதையோ கேட்க வாயெடுத்தபோது தெருமுனையிலிருந்து குரல் வந்தது.

"என்னுங்க பாய், வண்டி இன்னும் ஒத்தக்கால்ல நிக்குது? தவமுங்களா?"

மகுடேஸ்வரன். பஸ் இறங்கி நடந்து வந்திருந்தார். கையில் மஞ்சப்பை, சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சை, ஒரு மாலை.

"வாங்கண்ணா" என்றான் அனீஸ். எழவில்லை.

"சத்தம் போயிருச்சுங்களா?"

"போயிருச்சு" என்றான் அனீஸ். ஷமீமா தாளை இறுக்கிப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் அவனே சொன்னான். "ஆனா வண்டி இன்னைக்கு வேண்டாமுங்க. லாக் ஒண்ணு ஒடஞ்சு பாதி காங்கல. உள்ள இருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

மகுடேஸ்வரனின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஊட்டுல பையெல்லாம் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்காங்க பாய். காலைலயே ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா பஸ்ஸுக்காச்சும் போயிருப்போம்."

"தப்புத்தானுங்க."

"மெதுவா ஓட்டிட்டுப் போனா ஆகாதுங்களா?"

அனீஸ் ஒரு கணம் காரைப் பார்த்தான். "என்ற ஊட்டுக்காரிய அதுல உக்கார வெக்க மாட்டனுங்க."

மகுடேஸ்வரன் ஷமீமாவைப் பார்த்தார், அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "கியர்பாக்ஸப் பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. அதுக்குள்ள வேற வண்டி அமைஞ்சா எடுத்துக்குவேன், தப்பா நெனைக்காதீங்க." நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? இரண்டடி போய்த் திரும்பி வந்து எலுமிச்சைகளைக் காரின் மேல் வைத்தார். "வெயில் காயுது. சாறு புழிஞ்சு குடிங்க, அம்மிணி." மாலையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

பிறகு ஷமீமா உடைந்த பாதியை மட்டும் தாளில் வைத்து டேப் ஒட்டினாள். வெட்டிய துண்டைச் சாக்கடையில் போட்டாள். தாளில் தேதி போட்டு, 'மறுபாதி: கிடைக்கவில்லை' என்று எழுதி அவன் முன்னால் நீட்டினாள்.

"கையெழுத்து வேற வேணுமாக்கும்?"

"மெஷின்காரரு போடோணுமுங்க."

ஆயிலில் தோய்ந்த கைகளைப் பார்த்தான். பேனாவைத் தொடவில்லை. கட்டைவிரலைத் தாளில் அழுத்தினான். பிறகு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, புது ஷாப்டை மறுபடி கழற்ற, காருக்கு அடியில் போய்ப் படுத்தான்.