பஞ்சர்க்காரர் ஒட்டிய ஆல்பம்

வாழ்நாளெல்லாம் டியூபைத் தவிர வேறெதையும் ஒட்டாத மனிதரிடம் ஆல்பம் ஒட்டச் சொன்னால் என்ன செய்வார்? பஞ்சர்க்காரர் முதலில் சிரித்தார். விஷயம் விளையாட்டில்லை என்று புரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

சொன்னவர் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா. பஞ்சர்க்காரரும் அவர் மனைவியும் தத்தெடுக்க இருந்த பெண் குழந்தைக்கு நாலு வயது. பார்க்கப் போன இரண்டு முறையும் அது ஆயாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"உங்க வீட்டை, உங்களை எல்லாம் படம் எடுத்து ஒட்டி ஒரு ஆல்பம் குடுங்க. தினமும் காட்டிப் பழக்குறோம். அதுக்கப்புறமும் வரமாட்டேன்னு சொன்னா நாங்க வற்புறுத்த மாட்டோம். வேற வீடு பாக்க வேண்டியதுதான்" என்றார் அந்த அம்மா.

மறுநாளே கணவனும் மனைவியும் எழுதுபொருள் கடைக்குப் போனார்கள். காகிதத்தில் இத்தனை ரகமா என்று அவர் வாயைப் பிளந்தார். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: கெட்டி அட்டை ஆல்பம், போட்டோவின் நாலு மூலையையும் செருகும் குட்டிக் குட்டி முக்கோணங்கள், இருபக்கமும் ஒட்டும் டேப், மை பரவாத பேனா.

"தாள் மட்டும் ஆசிட் இல்லாததா வாங்கிக்குங்க" என்றாள்.

"ஆசிட்டா? அது பேட்டரிக்குல்ல ஊத்துவாங்க. தாளுக்கு எதுக்கும்மா?"

"சாதாத் தாள்ல இருக்கும் சார். நாள்பட்டா போட்டோ மஞ்சளாயிடும்."

பஞ்சர்க்காரர் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். ஒரு குழந்தை பெரியவளாகி எடுத்துப் பார்க்கும் வரை ஒரு முகம் அப்படியே இருக்கவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே என்று அசந்துபோனார். கத்தரி வாங்கவில்லை. மனைவி தையல் வேலை செய்பவள்; துணி ஓரம் பிரியாமல் வெட்டும் பல் வைத்த கத்தரி வீட்டிலேயே இருந்தது.

கதவு, சமையலறை, ஜன்னல், குழந்தைக்கென்று வாங்கிப் போட்ட சின்னக் கட்டில் என்று மனைவி அழகாக ஒட்டிக்கொண்டு வந்தாள். கட்டில் படத்துக்குப் பக்கத்தில் அதன் விரிப்பிலிருந்து ஒரு துண்டுத் துணி. தன் முகத்தையும் ஒட்டிவிட்டாள். மீதி இருந்தது கணவரின் படம் ஒன்றுதான். சாயங்காலம் இல்லத்து வண்டி வந்து ஆல்பத்தை வாங்கிப்போவதாக ஏற்பாடு.

ஒரு சைக்கிளுக்குச் செயின் மாட்டிவிட்டு அப்படியே வீட்டுக்கு ஓடிவந்தார் பஞ்சர்க்காரர்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"இதோ" என்றார். ஆனால் அந்த டேப்பைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் ரெண்டு நாள் தாங்குமா? என் படத்தை நான் ஒட்டுறேன், பாரு."

மனிதருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்க்கவேண்டும், சொல்யூஷன் பசை தடவவேண்டும், காயவிட்டு அழுத்தவேண்டும். போட்டோவைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தை நன்றாகத் தேய்த்தார். திருப்பிப் பார்த்தால் மூஞ்சி இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டையை அடைத்தே பிழைத்தவர் முதல்முறையாக ஒரு ஓட்டை போட்டிருந்தார், அதுவும் தன் முகத்தில்.

தலை சுற்றி, விழாமலிருக்க ஆல்பத்தின் மேலேயே கையை ஊன்றினார். வெள்ளைப் பக்கத்தில் ஐந்து விரலும் கருப்பாகப் பதிந்தன.

மனைவி திட்டத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளங்கை ரேகை, சுத்தியல் நசுக்கிய கட்டைவிரல், டயர் கம்பி கிழித்த தழும்பு, ஒன்றுகூடத் தப்பவில்லை. தினமும் கூடவே இருந்த கையை அவர் அன்றுதான் பார்த்தார். இவ்வளவு இருக்கிறதா இதில் என்று மலைத்துப்போனார்.

"இதையே விட்டுடலாங்க" என்றாள் மனைவி. அடியில் 'அப்பா' என்று எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பஞ்சர்க்காரர் மண்ணெண்ணெய் போட்டு, சோப்புத்தூள் போட்டு, செங்கல்லால் உரசி, கையை மாப்பிள்ளைக் கை மாதிரி ஆக்கிக்கொண்டு போனார். குழந்தை மனைவியைப் பார்த்ததும் மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள். அவரைப் பார்த்ததும் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"அப்பா வந்திருக்காங்க பாரு கண்ணு" என்றார் பொறுப்பாளர் அம்மா.

குழந்தை பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். "இவங்க இல்ல" என்றாள்.

பொறுப்பாளர் அம்மா உதட்டைப் பிதுக்கினார். "இன்னைக்கு வேண்டாம். அடுத்த மாசம் பாக்கலாம்" என்று எழுந்தார். பஞ்சர்க்காரர் தன் வெளுத்த கையைப் பார்த்தார். சட்டென்று வெளியே நடந்தார். வாசலில் காவலாளியின் பழைய சைக்கிள் நின்றது. உட்கார்ந்து அதன் செயினை இரண்டு கையாலும் ஒரு சுற்றுப் பிடித்து இழுத்தார். உள்ளே வந்து மண்டி போட்டு, கையை நீட்டினார்.

குழந்தை வந்தாள். நசுங்கிய கட்டைவிரலை ஆல்பத்தில் தொட்டாள், பிறகு கையில் தொட்டாள். தழும்பையும் அப்படியே. தன் கையைத் தூக்கி அந்தக் கருப்புக்குள் வைத்தாள். அவள் புதுச் சட்டையெல்லாம் செயின் மை. சுவரில் கை படக்கூடாது என்று கல்யாணம் ஆன நாளாகக் கத்துகிற மனைவி வாய் திறக்கவில்லை.

லாரி டயரை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவருக்கு அந்தப் பிஞ்சு விரல்களின் கனம் தாங்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது.

"என் கட்டில் அங்கயே இருக்கா?" என்று கேட்டாள் குழந்தை.

"அங்கயேதாம்மா இருக்கு" என்றார்.