மடங்கும் மோதிர விரல்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கிட்டார் வகுப்பு. என் பக்கத்து நாற்காலியில் ஜெஞ்சாரோமிலிருந்து வரும் லோரி ஓட்டுநர் ஒருவர் உட்காருவார். தடித்த கழுத்து, ஜன்னல் வெயிலில் கறுத்த வலது முழங்கை. சிவப்பு விளக்கில் லோரி நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கின் மேல் இடது கை விரல்களால் கிட்டார் கோர்டுகளை மாற்றி மாற்றிப் பிடித்துப் பழகுவாராம். ஒன்றரை வருடத்தில் அவர் பயிற்சி செய்யாத நாளே இல்லை.

மகள் திருமணத்தன்று அவள் சர்ச்சுக்குள் நடந்து வரும்போது தானே வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு ஆறு வாரம் இருந்தபோது, கிட்டாரைத் தொட்டாலே அவருடைய மோதிர விரல் உள்ளங்கையை நோக்கி மடங்கத் தொடங்கியது. சரிசெய்ய இன்னும் அதிகமாகப் பழகினார். அது இன்னும் அதிகமாக மடங்கியது.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"வெரலு நல்லாத்தான் இருக்காம்ணே. ஓவரா பிராக்டிஸ் பண்ணி மூளை தப்பா கத்துக்கிச்சாம். கியர் புடிச்சா ஒழுங்கா நிக்கிது, கிட்டார் புடிச்சா மட்டும் கோவிச்சுக்கிது. மாசக்கணக்குல நிறுத்தச் சொல்றாரு லா. நிறுத்துனா கல்யாணத்துக்கு எப்படி வாசிக்கிறது?"

அவர் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மோதிர விரல் மடங்கியது.

"கொஞ்சம் புடிங்கண்ணே" என்று அந்த விரலைக் காட்டினார். நான் அதை நிமிர்த்திக் கம்பியின் மேல் அழுத்திக்கொண்டேன். அவர் மீட்டினார். கோர்டு தெளிவாக ஒலித்தது.

"பாத்தீங்களா, வந்துருச்சு!" என்று சிரித்தார்.

அடுத்த கோர்டுக்கு அவருடைய மற்ற விரல்கள் நகர்ந்துவிட்டன. நான் விட்டால் மோதிர விரல் மடங்கிவிடும் என்று இருவருக்கும் தெரியும். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.