பேரளிக்கும் குன்னத்துக்கும் நடுவே ஒரு டிரம்பெட்

பேரளி தாண்டியதும் கொளஞ்சியின் இடது கை கியரை விட்டுச் சட்டைப் பைக்குள் போகிறது. உள்ளே பீடிக் கட்டு கிடையாது, சிவப்பு நூல் கட்டிய பென் டிரைவ் ஒன்று இருக்கிறது. பாட்டுப் பெட்டியில் ஏற்கெனவே சொருகியிருப்பதை அவர் பிடுங்குகிறார். காதலியின் இடுப்பைப் பற்றி உருகிக்கொண்டிருந்த பாடகர் பாதி இடுப்பில் நிற்கிறார். சிவப்பு நூல் உள்ளே போகிறது. பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு.

"ஆரம்பிச்சுட்டான்யா" என்கிறது கடைசி சீட்டு.

முதலில் பியானோ. அப்புறம் பித்தளைத் தட்டில் தூறல் விழுகிற மாதிரி குச்சிச் சத்தம். அதற்கும் அப்புறம், யாரிடமோ நியாயம் கேட்கப் புறப்பட்டவர் போல ஒரு டிரம்பெட். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற தனியார் பஸ்ஸில், ஒரு பக்கம் பருத்தி, மறு பக்கம் மக்காச்சோளம், நடுவில் ஜாஸ். பேரளியிலிருந்து குன்னம் வரை கொளஞ்சியின் ராஜ்ஜியம். குன்னம் தாண்டினால் மறுபடியும் இடுப்பு.

நம் பக்கத்துத் தனியார் பஸ்களில் பாட்டு என்பது டயர் மாதிரி. அது இல்லாமல் வண்டி நகராது. எந்த பஸ் முதலில் வருகிறது என்று பார்த்து ஏறுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் எந்த பஸ்ஸில் என்ன பாட்டு என்று பார்த்து ஏறுகிறார்கள். கொளஞ்சி வண்டிக்குப் பின்னாலேயே வருகிற போட்டி பஸ்ஸில் நீல விளக்கு, கூரை அதிரும் குத்துப் பாட்டு எல்லாம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் மொத்தமாக அதற்கு மாறிவிட்டார்கள். கொளஞ்சிக்கு இதில் துளி வருத்தம் இல்லை. "போவட்டும் சார். அதுங்களுக்குப் பாட்டு வேணாம், அடி வேணும்" என்கிறார்.

ஆளைச் சொல்ல வேண்டுமே. ஐம்பது வயது, கட்டை மீசை, காக்கிச் சட்டையின் முதல் இரண்டு பொத்தான்களுக்கு நிரந்தர விடுமுறை. சாதாரணப் பேச்சில் பணிவானவர். சங்கீதம் என்று வந்துவிட்டால் தாசில்தார் ஆனாலும் தள்ளி உட்காரச் சொல்வார். ஒருமுறை முன்சீட்டுக்காரர் ஒருவர் நல்ல மனதோடு கம்பியில் தாளம் தட்டினார். கொளஞ்சி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"ண்ணே, நாலு எண்ணி ரெண்டுலயும் நாலுலயும் தட்டணும். நீங்க ஒண்ணுலயும் மூணுலயும் தட்டுறீங்க. அது பஜனை."

அந்த முன்சீட்டுக்காரரும் இப்போது போட்டி பஸ்ஸில்தான் வருகிறார்.

இந்த வியாதி தொற்றிய இடம் துபாய். லப்பைக்குடிக்காடு ஷேக் தாவூது பாய் எடுத்துக் கொடுத்த விசாவில் போய், ஒரு ஹோட்டலில் வேன் ஓட்டினார். அந்த ஹோட்டலில் ராத்திரி வாசிக்கிற பிலிப்பைன்ஸ் பேண்டுக்காரர்களைத் தங்குமிடத்திலிருந்து ஏற்றி வருவது வேலை. அவர்கள் ஒத்திகை பார்த்ததெல்லாம் வேனுக்குள். "டிராபிக்ல வண்டி நின்னா ஆரம்பிச்சிருவாங்க சார். சிக்னல் பச்ச விழுந்தா எனக்கு எரிச்சலா வரும்" என்றார். சிவப்பு விளக்கை விரும்பிய ஒரே டிரைவர் அந்த ஊரில் இவராகத்தான் இருந்திருப்பார்.

திரும்பி வந்த அன்று குன்னத்தில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கம்பளி வரும், செண்ட்டு வரும், பால் பவுடர் வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சியின் மனைவி மேகலா அத்தனை பேர் முன்னாலும் பெட்டியைப் பிரித்தார். அதை இன்றுவரை அவர் சொல்கிற தொனியில் எந்த மாற்றமும் இல்லை: "தொறந்தா பூரா பாட்டு சிடி தட்டுங்க. ரெண்டு கம்பளி இருந்துச்சு, அதுவும் தட்டு ஒடையாம இருக்கச் சுத்துனது. எங்க நாத்தனாரு அன்னிக்கு எந்திரிச்சுப் போனவதான்."

ஜாஸ் எப்படி இருக்கிறது என்று மேகலாவிடமே கேட்டேன். யோசிக்கவே இல்லை. "மாப்ள அழைப்புக்குக் கூப்ட்ட பேண்டு செட்டு, வழி தெரியாம வேற தெருவுல நின்னு வாசிக்கிற மாதிரி இருக்குங்க."

உள்ளே சோறு தின்றுகொண்டிருந்த கொளஞ்சி தலையை நீட்டி, "அதான்டி ஜாஸு!" என்றார். இருபது வருடக் குடித்தனத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சேகரிப்பு துபாயோடு நிற்கவில்லை. வண்டி இல்லாத நாளில் லப்பைக்குடிக்காட்டுக்குப் போவார். வளைகுடா போய்வந்த வீடுகளின் பரண்களில் எதெல்லாம் கிடக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அதைவிட முக்கியமான சுரங்கம் வேறு. கதிர் முற்றுகிற காலத்தில், கிளி விரட்டுவதற்காக மக்காச்சோளக் காட்டில் பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். வெயிலில் பளபளவென்று சுற்றும். மற்றவர்கள் காட்டைப் பார்த்தால் கதிரைப் பார்ப்பார்கள். கொளஞ்சி கயிற்றைப் பார்ப்பார். வரப்பில் இறங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் படிப்பார். ஒருநாள் சித்தளிப் பக்கம் ஒரு காட்டில் ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மாங்க் தொங்கிக்கொண்டிருந்தார். அவிழ்த்துக்கொண்டு, அதே கயிற்றில் ஒரு சினிமாப் பாட்டு சிடியைக் கட்டிவிட்டு வந்தார்.

காட்டுக்காரர் பார்த்துவிட்டார். "ஏம்ப்பா, கெடக்கிறத அவுத்துட்டு இன்னொண்ணக் கட்டுறியே, உனக்கு என்னா கிறுக்கா?"

"அதுக்குக் கிளி பயப்படாதுங்க. இதுக்குக் கண்டிப்பாப் பறக்கும்."

வெயிலும் காற்றும் கீறிய அந்த சிடி பத்து இடத்தில் தாவுகிறது. கொளஞ்சி அதைக் குறையாக ஏற்றுக்கொள்வதில்லை. மாங்க் வாசிப்பில் எது கீறல், எது வாசிப்பு என்று எவன் சொல்வான் என்கிறார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கும் தௌஃபீக்தான் எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுக்கிறார். தாவுகிற இடங்களைச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்ட தௌஃபீக்கிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

இனி அபிப்பிராயங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார் என்பதால் கேட்டுவைத்தேன்.

"மாங்க் வாசிக்கிறது, கண்ணாடி ஒடைஞ்ச வூட்டுல செருப்பில்லாம நடக்கிற மாதிரி சார். ஒரு சில்லு கால்ல குத்தாது. நமக்குத்தான் ஒடம்பு கூசும்." டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ்? "நல்ல கண்டக்டரு. சில்லற இல்லன்னா இல்லன்னு ஒரே வார்த்தை. வளவளப்பு கெடையாது." சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேன் பெரிய ஆள்தான், ஆனால் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர். "சந்துக்குள்ள வுட்டாருன்னா போயிட்டே இருப்பாரு. நம்ம எறங்கி நடந்து வரணும்." லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரல் ஜல்லி லாரி, ஆனால் ஜல்லிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறதாம். பில்லி ஹாலிடேயை மட்டும் பஸ்ஸில் போடுவதில்லை. "அந்தம்மா பாடுறப்ப ஒருத்தன் டிக்கெட் கேக்கறது பாவம்." வழவழவென்று வாசிக்கிற சாக்ஸபோன்காரர்களை அவர் சேர்த்துக்கொள்வதே இல்லை: "ஷாம்பூ போட்ட ஜாஸு." நாதஸ்வரத்தையும் சாக்ஸபோனையும் சேர்த்து வாசித்தால் நம் காதுக்கு இதமாக இருக்குமே என்று கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கறிக்கொழம்பும் புடிக்கும், பாயசமும் புடிக்கும். ரெண்டையும் ஒரே எலையில ஊத்திப் பெசைவீங்களா?"

இதில் பாதி தப்பு என்று, விவரம் தெரிந்த என் சென்னை நண்பர் சொன்னார். அதை அப்படியே கொளஞ்சியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எனக்கு வேறென்ன வேலை. "அவுரு வண்டி ஓட்டுவாரா?" என்றார். இல்லை என்றேன். விசாரணை முடிந்தது.

சிக்கல் வந்தது கோல்ட்ரேனால். காலை பஸ்ஸில் குன்னம் போகிறவர்கள் பாதிப்பேர் தூங்கிக்கொண்டுதான் வருவார்கள். பெரம்பலூர் மார்க்கெட்டில் விடியுமுன் காய் எடுத்துக்கொண்டு ஏறுகிற பூங்காவனம் அம்மாள், கூடையை டிரைவர் பக்கத்து பானட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே உறங்குவார். கண்டக்டர் இளவரசனின் குரல் அவருக்கே பாதிதான் கேட்கும். அதனால் இவர்கள் நம்புவது பாட்டை. பென் டிரைவில் வரிசை மாறாது. இந்தப் பாட்டு முடிந்து அந்தப் பாட்டு ஆரம்பித்தால் குன்னம் என்று தூக்கத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடும். ஒருநாள் கொளஞ்சி, பேரளியில் ஆரம்பித்து அரியலூர் எல்லை வரை முடியாத ஒரு கோல்ட்ரேனைப் போட்டுவிட்டார். குன்னத்தில் பாதியில் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. பாட்டு மாறவில்லை. கடிகாரம் நின்றுபோனது. குன்னத்தில் பஸ் நின்று, விசில் அடித்து, கிளம்பியது. தூங்கியவர்கள் கண் விழித்தபோது ஜன்னலில் சிமெண்டு லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"பாவிப்பயலே, ஒரே பாட்டா ஊருக்கே போட்டுட்டியே! எங் கீரை வாடிப்போச்சு!" என்று பூங்காவனம் அம்மாள் பானட்டைத் தட்டிய சத்தம்தான், அன்று சரியாக இரண்டிலும் நாலிலும் விழுந்தது.

வேறு ஆளாக இருந்தால் ஜாஸை விட்டிருப்பார். கொளஞ்சி வரிசையைத்தான் மாற்றினார். குன்னம் நெருங்குகிற இடத்தில், பிணத்தையும் எழுப்பும் ஒரு டிரம்பெட் எடுப்பு வந்து விழும்படி தௌஃபீக்கை வைத்து அடுக்கினார். இரண்டே வாரத்தில் குன்னத்துக்காரர்கள் அதற்குப் பழகினார்கள். பிடித்தது என்று சொல்லவில்லை. பழகினார்கள்.

ஆனால் புகார் முதலாளி வேணுகோபாலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கல்லூரிக் கூட்டம் போன கோபமும் சேர்ந்துகொண்டது. போன திங்கட்கிழமை, நானும் பஸ்ஸில் இருந்த அன்று, அவரே ஏறினார். டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அரியலூர்ல ஆக்டிங் டிரைவர் அரங்கநாதன் நிக்கிறான். இன்னிக்கு அந்த பீப்பீ கேட்டுச்சு, அங்கயே எறங்கி சாவியக் குடுத்துட்டுப் போயிரு. பாட்டா, வேலையா, நீயே பாத்துக்க."

"சரிங்க மொதலாளி" என்றார் கொளஞ்சி. இத்தனை வருடம் ஓட்டிய ரூட்டு. வேறு பஸ் கம்பெனிக்காரர்கள் இவரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதும் தெரியும். பாட்டு விஷயத்தில் இவர் பேர் பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகப் பரவியிருக்கிறது.

பேரளி தாண்டியது. இடது கை கியரை விட்டுச் சட்டைப் பைக்குள் போனது. இடுப்புப் பாட்டு நின்றது. பியானோ வந்தது.

வேணுகோபால் எட்டிப் பிடுங்கினார். சிவப்பு நூல் அவர் சட்டைப் பைக்குள் போனது, இடுப்பு திரும்ப வந்தது. "அரியலூரோட சரி" என்றார். கொளஞ்சி ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். இத்தனை நாள் வைத ஜனம், அன்று ஏன் அப்படி உம்மென்று வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

குன்னம் வந்துகொண்டிருந்தது. டிரம்பெட் விழ வேண்டிய இடத்தில் இடுப்புதான் விழுந்துகொண்டிருந்தது. குன்னத்துக்காரர்கள் அயர்ந்து தூங்கினார்கள். பூங்காவனம் அம்மாள் கூடை மேல் சாய்ந்திருந்தார். "குன்னம், குன்னம்" என்று இளவரசன் பின்னாலிருந்து சொன்னது அவர் உதட்டோடு நின்றது.

கொளஞ்சியின் உள்ளங்கை ஹாரனில் இறங்கியது. பாம். பாபாம். ஒரு சின்ன இடைவெளி. பா... பாபாபாம். எருமைக்கும் லாரிக்கும் அடிக்கிற அந்தத் தகரத் தொண்டையை வைத்துக்கொண்டு, அந்த டிரம்பெட் எடுப்பை, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, தாமதிக்க வேண்டிய இடத்தில் தாமதித்து, முழுசாக வாசித்தார். சுதி கிடையாது. இருக்கவும் முடியாது.

பூங்காவனம் அம்மாள் கண்ணைத் திறக்காமலே கூடையைப் பிடித்தார். "பீப்பீ வந்துருச்சு, எந்திரிங்கடி!" பைகள் தோளுக்கு ஏறின. செருப்புகள் கால்களைத் தேடின. வரிசையாக எழுந்து, கொட்டாவி விட்டபடி, முதலாளியின் முழங்காலை இடித்துக்கொண்டு, குன்னம் மொத்தமும் குன்னத்தில் இறங்கியது.

இளவரசன் விசில் அடித்தார். பஸ் நகரவில்லை. மறுபடியும் அடித்தார். பின்னால் நீல விளக்கு பஸ் வந்து நின்று கத்த ஆரம்பித்தது.

கொளஞ்சியின் கண் ரோட்டில் இருந்தது. வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. முதல் கியர் போட வேண்டிய இடது கை மட்டும், முதலாளியின் சட்டைப் பைக்கு நேராக நீண்டு, உள்ளங்கை மேல் நோக்கித் திறந்திருந்தது.