அம்மா படுத்திருந்த கட்டில்

ஏலம் என்றால் மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் நடப்பது என்றுதான் ஒன்பது வயது வரை நினைத்திருந்தேன். காணிக்கையாக வந்த சேவல், பலாப்பழம், கேக் எல்லாவற்றையும் கூவி விற்பார்கள். என் சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சேவலை எடுப்பார். எடுத்த கையோடு, "கோயிலுக்கே குடுத்துட்டேன், மறுபடியும் ஏலம் போடுங்க" என்பார். ஒரே சேவல் நாலு பேருக்கு விலைபோய்த் திரும்பவும் சாமியார் காலடியிலேயே நிற்கும். தான் யார் வீட்டுச் சேவல் என்று அதற்கே குழம்பியிருக்கும்.

அதனால், எங்கள் முதலியார்பேட்டை வீட்டுச் சாமான்களை ஏலம் விடப்போகிறார்கள் என்றதும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த தாத்தா, ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு துரை குடும்பத்திடம் வாங்கிப்போட்ட சாமான்கள் அவை. நூக்கு மர அலமாரி, பளிங்கு பதித்த வட்ட மேசை, பிரம்பு பின்னிய நாற்காலிகள், ஆளுயரக் கண்ணாடி. அம்மாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அப்பாவிடம் விற்க வேறெதுவும் மிச்சமில்லை. கட்டிலை மட்டும் தொடக்கூடாது என்று ஏலக்காரரிடம் காலையிலேயே சொல்லிவிட்டார். ஆறு மாதமாக அம்மா அதில்தான் கிடந்தாள். தரையில் படுத்தால் இரண்டு பேர் தூக்கினால்தான் அவளால் எழ முடியும்.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஏலக்காரர் "மூணு தரம்" என்று முடிக்கும்போதெல்லாம் நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. கண்ணாடியை எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கும் அழகைப் பார்க்க வாசல்வரை பின்னாலேயே போனேன். அவர் அதைப் போர்வையில் சுற்றி டெம்போவில் ஏற்றினார். சரி, எல்லாரும் சேர்ந்து சாயந்திரம் கொண்டுவருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்தபோது அப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது. எதிர்பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை. கடற்கரைப் பக்கம் பழைய வீடொன்றை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்த ஒருவர், "தூண் வச்ச பழைய கட்டில் ஏதாச்சும் இருக்கா சார்?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அப்பா.

"இருக்கு!" என்று நான் கத்தினேன். "உள்ள இருக்கு. எங்கம்மா படுத்துட்டிருக்காங்க." அப்பா தடுப்பதற்குள் ஓடிப்போய் அறைக்கதவை விரியத் திறந்துவிட்டேன். சேவலைப்போல அதுவும் நாலு தடவை விலைபோனால் அப்பாவின் கவலை தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. அந்தக் கதவைத் திறந்த கையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "மன்னிச்சுக்குங்கம்மா" என்று பின்வாங்கினார். அம்மாதான் அவரை நிறுத்தினாள்.

"என்னங்க, குடுத்துடுங்க."

"நீ பேசாம படு" என்றார் அப்பா.

"சொல்றதக் கேளுங்க. ஆஸ்பத்திரிலாம் வாணாம். எல்லாத்தையும் பாப்பா படிப்புக்கு வச்சிடுங்க."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அழுதது அவருடைய முதுகில் தெரிந்தது. கட்டில் நல்ல விலைக்கே போனது. சித்தப்பாவும் அப்பாவும் அம்மாவை இரண்டு பக்கமும் தாங்கி இறக்கிப் பாயில் படுக்க வைத்தார்கள். வந்த ஆட்கள் கட்டிலின் தூண்களைக் கழற்றி, சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போனார்கள்.

வெறும் அறையில் நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டதால், அவளுக்கு உடம்பு தேறிவிட்டது என்று முடிவுகட்டியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில், பள்ளிக்கூடம் திறக்கும்போது புது ஷூ வாங்கலாமா என்று கேட்டேன்.

"வாங்கிக்கலாம்" என்றாள்.

"நீயும் கடைக்கு வரணும்."

அம்மா என் காலைத் தன் உள்ளங்கையில் வைத்து அளவு பார்த்தாள். "ஒரு அளவு பெருசா வாங்கச் சொல்லு அப்பாவ. அடுத்த வருசத்துக்கும் ஆவும்" என்றாள். நான் கேட்டது அதுவல்லவே என்று எனக்குக் கோபம் வந்தது.