முப்பத்தொன்றாவது வாரம், நான்காம் நாள்

சென்ற வாரம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ஒரு ஐஸ் பாக்டரியைத் தாண்ட வேண்டியிருந்தது. எங்கோ குழாய் கசிந்திருக்க வேண்டும், அமோனியா நெடி காற்றில் வந்தது. கூட வந்த மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நின்று, நிதானமாக இன்னொரு மூச்சு இழுத்தேன். "என்ன மாமா, மயக்கமா?" என்றாள். மயக்கம்தான். ஆனால் டாக்டரிடம் சொல்லக்கூடிய வகை அல்ல.

அறுபதுகளின் பின்பாதியில் எனக்கு உத்தியோகத்தின் வாசனை அமோனியாதான். திருச்சிக்குக் கிழக்கே, காட்டூரைத் தாண்டி, ஒரு பெரிய இன்ஜினீயரிங் கம்பெனி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் திட்டப் பிரிவில் நான் ஒரு வருஷப் பயிற்சியாளன். பயிற்சி முடிவில் மேலதிகாரி எழுதும் ரிப்போர்ட் நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் அப்பா, ஷிப்ட் முடிந்து சைக்கிள் எடுக்கும் இடத்தில் நின்ற அத்தனை பேரிடமும் என் வேலை நிரந்தரமாகிவிட்டதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். திரும்பிப் போவதற்கு எனக்கு வீடு இருந்தது, முகம் இல்லை.

வரைபடங்களை நகலெடுக்கும் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அமோனியாவில் வெந்த காகிதங்கள் நீலக் கோடுகளோடு ஈரமாக வந்து விழும். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதத்திலும் அந்த வாசனை அடிக்கும். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. பிறகு வீட்டுத் தயிர்சாதத்தில்தான் ஏதோ குறைந்தது.

எங்கள் வேலை என்னவென்று கேட்பீர்கள். அப்பாவும் கேட்டார். மற்றவர்கள் செய்கிற வேலை எப்போது முடியும் என்று எழுதி வைப்பதும், அது முடியாதபோது ஏன் முடியவில்லை என்று எழுதி வைப்பதும். சுவரை அடைத்து ஒரு சார்ட் தொங்கியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை, முடிந்த அளவுக்கு அதில் சிவப்பு பென்சில். திங்கட்கிழமை காலை நான் சைட்டைச் சுற்றி வந்து சதவீதம் சேகரிக்க வேண்டும். அஸ்திவார மேஸ்திரி குழியைக்கூடப் பார்க்காமல், "தொண்ணூறு போட்டுக்குங்க தம்பி" என்பார். "போன வாரமும் தொண்ணூறுதானே?" என்றால், "அப்ப என்ன, குறையவா போகுது?" என்பார். உலகத்தில் எந்த வேலையும் தொண்ணூறு வரை ஓடிப் போய், அங்கே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் என்பதை நான் கற்றது அங்கேதான். பிற்காலத்தில் அதையே வேறு வார்த்தைகளில் சொல்லிச் சம்பளம் வாங்கினேன்.

அந்தச் சார்ட்டில் தேதி கிடையாது. இதுதான் முக்கியம். எங்களுக்கு வழிகாட்ட வந்திருந்த வெளிநாட்டு நிபுணர் ஊரில் எல்லாம் வார எண்தானாம். ஆகஸ்ட் மூன்று என்று சொன்னால் அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. முப்பத்தொன்றாவது வாரம், நான்காம் நாள் என்று சொல்ல வேண்டும், உடனே தலையாட்டுவார். எங்கள் மேலதிகாரி தாமோதரன் சார் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். நான் மதம் மாறியவனைப் போல ஒப்புக்கொண்டேன். பொங்கல் எப்போது என்று கேட்டால் இரண்டாவது வாரம் என்று சொல்லும் அளவுக்கு முற்றிவிட்டது.

பயிற்சி முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பொறுப்பு முழுசாக என் கைக்கு வந்தது. மெட்ராஸிலிருந்து, கூரையைத் தாங்கும் ஐம்பதடி நீள இரும்பு கிர்டர் ஒன்று டிரெய்லரில் வர வேண்டும். அதைத் தூக்கி ஏற்ற வெளியூரிலிருந்து ஒரு கிரேன் வரும், வெள்ளிக்கிழமை மாலை திரும்பிவிடும். எல்லாவற்றுக்கும் நான் அட்டவணை போட்டேன். டிரெய்லர் கொள்ளிடம் தாண்டும் நேரம், ஸ்ரீரங்கம் தாண்டும் நேரம், காவேரிப் பாலம் ஏறும் நேரம், எல்லாம் நிமிடக் கணக்கில். நாள், முப்பத்தொன்றில் நான்கு. சார் கையெழுத்துப் போட்டார். நிபுணர் தலையாட்டினார். எட்டு நகல், அமோனியா மணக்க, எட்டு இடத்துக்குப் போயின.

அந்த வியாழக்கிழமை விடியற்காலையில் வீட்டில் புளியோதரை தாளிக்கும் வாசனை. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அம்மா ஒரு பெரிய பொட்டலத்தை நீட்டினாள்.

"ஆத்தங்கரைக்குத்தான் எங்களோட வரலே. இதையாவது எடுத்துட்டுப் போ."

"இன்னிக்கு முக்கியமான லோடும்மா. மெட்ராஸ்லேருந்து வருது."

"எந்த வழியா?"

"நம்ம பாலத்து வழியாத்தான். எட்டரைக்கு ஏறணும்."

அம்மா கரண்டியோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆடிப் பதினெட்டு அன்னிக்கா? ஏண்டா, உங்க ஆபீஸ்ல ஊர்க்காரங்க ஒருத்தர்கூடக் கிடையாதா?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே நின்றேன்.

ஆடிப்பெருக்கு எனக்குத் தெரியாதா என்ன? விவரம் தெரிந்த நாள் முதல் ஒரு வருஷம் தவறாமல் அம்மா மண்டபப் படித்துறையில் காவேரியில் முங்கியவன். ஆனால் அது ஸ்ரீரங்கத்தில் இருந்தது. முப்பத்தொன்றாவது வாரம் ஆபீஸில் இருந்தது. நடுவில் பன்னிரண்டு மைல். இரண்டும் என் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

பொட்டலத்தோடு ஓடினேன். மாம்பழச்சாலை முனையில், பாலத்துக்கு முன்னால், என் டிரெய்லர் நிமிடம் பிசகாமல் வந்து நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு அடிகூட நகர இடமில்லை. மாட்டு வண்டிகள், பஸ்கள், முளைப்பாரிக் கூடைகள், தோளில் பிள்ளைகள். பாலத்துக்குக் கீழே காவேரி இரு கரையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் போனது. போலீஸ்காரர் என் அட்டவணையை வாங்கிப் பார்த்தார்.

"இதைப் போட்டவன் எந்த ஊருப்பா?"

நான் பொட்டலத்தை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல பாக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

டிரைவர் காதர் பாய் திருச்சியில் கோட்டை பக்கத்துக்காரர். மட்கார்டில் சாய்ந்து பீடி பற்றவைத்தார். "எனக்குத் தெரியும் தம்பி, இன்னிக்குப் பதினெட்டுன்னு. ஆனா உங்க தாள்ல தேதியே இல்லையே. மெட்ராஸ்ல கிளப்பி விடறப்ப, 'எல்லாம் பெரிய ஆளுங்க பாத்துப் போட்டது, நீ ஓட்டு'ன்னாங்க. சரி, பாலத்தைத்தான் தனியா வாங்கிட்டாங்க போலன்னு வந்துட்டேன்."

எதிர் மருந்துக் கடையில் கெஞ்சி போன் செய்தேன். தாமோதரன் சார் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"உங்க வீடு எங்க இருக்கு?"

"ஸ்ரீரங்கம், சார்."

"எத்தனை வருஷமா?"

"பொறந்ததுலேருந்து, சார்."

"சரி" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு 'சரி'யில் என் ரிப்போர்ட் முழுவதையும் படித்துவிட்டேன்.

பிறகு எட்டு மணி நேரம். டிரெய்லரின் நிழலில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது, பிறகு இன்னொன்று. பதினோரு மணிக்கு அங்கே இலை போடாத குறைதான். என் பொட்டலத்தைப் பிரித்து காதர் பாயிடம் கொடுத்தேன். பக்கத்திலிருந்தவர்கள் எங்கள் இருவருக்கும் அவர்கள் பங்கையும் வைத்தார்கள். வேலை போகப் போகிறவனுக்கு இப்படிப் பசிக்கக் கூடாது, ஆனால் பசித்தது. காவேரிக்குப் பூஜை முடித்துத் தட்டோடு வந்த ஒரு அம்மாள் கிர்டரைச் சுற்றிப் பார்த்தார்.

"இது எங்க போகுது தம்பி?"

"பாக்டரிக்கும்மா. கூரைக்குக் கீழ ஏத்தப் போறாங்க."

"ஆத்தங்கரை வரைக்கும் வந்திருக்கு, வெறும் நெத்தியோட அனுப்பலாமா?" என்று மஞ்சளும் குங்குமமும் வைத்து, மீதியிருந்த மஞ்சள் கயிறு ஒன்றைக் கொக்கி மாட்டும் வளையத்தில் கட்டினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் கட்டினார்கள். நான் தடுக்கப் போனேன். "விடுங்க தம்பி, இரும்புதானே, ஒண்ணும் சொல்லாது" என்றார் காதர் பாய்.

மாலை ஆறு மணிக்கு, கல்யாணப் பெண் மாதிரி அந்த கிர்டர் கம்பெனி வாசலில் நுழைந்தது. நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கிர்டரைப் பார்த்தார். குங்குமத்தைக் காட்டி, இது என்ன என்று சாரிடம் கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன்.

தாமோதரன் சார் முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "உள்ளூர்ப் பரிசோதனை. ஆற்றைக் கடக்கும் நீளமான பொருளை இங்கே பாலத்தருகே நிறுத்தி, அனுபவமுள்ளவர்கள் பார்த்து, அடையாளம் இட்டுத்தான் அனுப்புவார்கள். ஒரு பகல் ஆகும். அட்டவணையில் சேர்க்க விட்டுப்போயிற்று."

நிபுணர் ஒரு கயிற்றை இழுத்துப் பார்த்தார், உறுதியாகத்தான் இருந்தது. டயரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம், கிரேன் புறப்படுவதற்கு முன்பே, கிர்டர் மஞ்சள் கயிற்றோடு மேலே ஏறியது.

சனிக்கிழமை நான் ஆபீஸுக்குப் போனபோது சார்ட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஆணி அடித்து ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது, அமாவாசை, கிருத்திகை எல்லாம் போட்டது. "தினமும் கிழிக்க வேண்டியது உங்க வேலை" என்றார் சார். "எத்தனை நாளைக்கு சார்?" என்றேன். "ரிட்டயர் ஆகிற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு பைலுக்குத் திரும்பினார். என் வேலை நிரந்தரமானது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. முறைப்படியான கடிதம் நாலு மாதம் கழித்து, மூன்று திருத்தங்களோடு வந்தது.

அமோனியா அறை முதலில் போனது. பிறகு சுவர் சார்ட். கடைசி வருஷங்களில் கம்ப்யூட்டர் வந்தது, அதற்குள்ளேயே காலண்டர் இருக்கிறது என்று என் ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். ஆடிப் பதினெட்டு அதில் உண்டா என்று ஒரு இளம் இன்ஜினீயரிடம் கேட்டேன். "எதுக்கு சார்?" என்றான். இப்போது சில வருஷங்களில் அம்மா மண்டபத்தில் ஆறு மணலாகத்தான் இருக்கிறது, குழாய் போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள். பெரிய டிரெய்லர்கள் எல்லாம் புறவழிச்சாலையில் போய்விடுகின்றன. ஆடிப்பெருக்கால் ஒரு லோடுகூடத் தாமதமாவதில்லை. ஒரு கிர்டரும் நெற்றியில் பொட்டோடு வந்து சேர்வதில்லை.