போர் தொடாத மாளிகை

டெக்சஸில் மகளின் கல்யாணத்துக்குப் பார்த்த இடம், பழைய பருத்தித் தோட்ட முதலாளி ஒருவரின் மாளிகை. சம்பந்தியாக வரவிருந்தவர் பிளானோவில் வசிக்கும் யாழ்ப்பாணத்து டாக்டர். மாளிகையைச் சுற்றிக்காட்டிய பெண், அமெரிக்க உள்நாட்டுப் போர் இந்தப் பக்கம் வரவேயில்லை, பருத்தி மெக்சிகோவுக்கு வண்டி வண்டியாகப் போய்த் துப்பாக்கியாகத் திரும்பியது என்று பெருமையோடு சொன்னாள்.

"பாத்தீங்களே, சண்டை தொடாத வீடு. ராசியான இடம்," என்றார் டாக்டர்.

இலங்கையிலும் தேயிலை மலைகளுக்குப் போர் வரவில்லை. தேயிலை விற்ற டாலர் குண்டாகி, டாக்டரின் யாழ்ப்பாணத்தில்தான் விழுந்தது. அங்கே ஏற்றுமதி இலாகாவில் வேலை பார்த்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பருத்தி பறித்த அடிமைகள் எங்கே குடியிருந்தார்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் கார் நிறுத்தும் திடலைக் காட்டினாள்.

"அப்பா, ப்ளீஸ். வென்யூ ஓகேவா, அத மட்டும் சொல்லுங்க," என்றாள் மகள்.

"வேற இடம் பாப்போம்மா."

"ஏன் அண்ணை, வடிவான வீடெல்லோ?"

"எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க, டாக்டர். எனக்கு இங்க சோறு இறங்காது."

தோட்டத்துக் கூலி ஆட்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார் தயங்குவார்கள் என்று, எங்கள் ஊர் கண்டிப் பக்கம் என மட்டுமே மகள் சொல்லிவைத்திருந்தாள். கூட வந்திருந்த டாக்டரின் மனைவி அன்று முதல்முறையாக என்னை மேலும் கீழும் பார்த்தார்.

மறுவாரம் தொலைபேசியில் அவர்கள் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. ஜாதகத்தை இன்னொருமுறை பார்க்க வேண்டுமாம். இலாகாவில் வேண்டாத ஃபைலை மறுபரிசீலனைக்கு அனுப்பும் நடைமுறை எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது, இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.