ரசம் சுமந்த கால்கள்

போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் ஆண்கள் எல்லாம் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் மாமா. என் அத்தையின் கணவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு உடம்பு, நடைப்பயிற்சி என்று வந்தது. மாமா சட்டென்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"பாத்தியளா இந்தத் தொடைய? இந்த வயசுலயும் கல்லு மாதிரி இருக்கு. எல்லாம் நான் போட்ட சோறு. நான் வாங்கிக் குடுத்த சைக்கிள்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். வயதானவரிடம் என்ன சண்டை போடுவது? அதனால் எழுதுகிறேன்.

சோறு போட்டது உண்மை. சைக்கிள் வாங்கிக் கொடுத்தார் என்பது பொய். அது மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்த அவருடைய பழைய சைக்கிள். டயரும் டியூபும் நான் போட்டது.

எழுபதுகளின் கடைசியில், பியூசி முடித்துவிட்டு வேலை தேடி டெல்லிக்கு வந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் என்னைப் போல நிறையப் பேர் வந்தார்கள். டெல்லியில் சொந்தக்காரர் யாராவது சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தால் போதும், "பையன அனுப்பி வைங்க, பாத்துக்கிடுதேன்" என்று ஒரு வார்த்தை வரும். பையன் வந்து பால்கனியில் படுத்துக்கொள்வான். வேலை கிடைக்கும் வரை வீட்டு வேலை செய்வான். சம்பளம் கிடையாது, சொந்தம் என்பதால்.

மாமா வீடு ஜனக்புரியில். அப்போது அங்கே புது வீடுகளும் புழுதியும்தான் இருந்தன. அவர் ஆபீஸ் கனாட் பிளேஸ் பக்கம். அவருக்கு வயிற்றுப்புண். டாக்டர் சூடாகச் சாப்பிடச் சொன்னாரா, அவராகச் சொல்லிக்கொண்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் காலையில் கையில் சாப்பாடு எடுத்துப் போகமாட்டார். மதியம் சாப்பாடு சூடாக ஆபீசுக்கு வரவேண்டும். அத்தை சமைத்து முடித்ததும் நாலு அடுக்கு கேரியரைத் துண்டில் சுற்றி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு நான் கிளம்புவேன். மே மாதத்து அனல் காற்று, ஜனவரி மாதத்துப் பனிமூட்டம், எதுவும் கணக்கில்லை. சங்கர் ரோடு மேட்டில் ஏறும்போது கேரியர் ஆடினால் ரசம் சிந்தும். சிந்தினால் திட்டு. அதனால் எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. சீட்டில் உட்கார்ந்தபடியே, தொடையை மட்டும் வைத்து அந்த மேட்டை ஏறவேண்டும். போய் வந்ததும் மண்ணெண்ணெய், கோதுமை மாவு, காய்கறி என்று சாயங்கால ஓட்டம் வேறு.

ஒரு வருடத்தில் என் கால்கள் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டன. ஆடுசதை உருண்டு நின்றது. தொடை இரண்டும் நடக்கும்போது உரசின. மேலே மட்டும் ஊரிலிருந்து வந்த அதே எலும்புக்கூடு.

அது பெல்பாட்டம் காலம். கீழே கூடாரம் போல விரிந்திருக்கும், மேலே தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என்னைப் போன்றவனைப் பழிவாங்குவதற்கென்றே யாரோ கண்டுபிடித்த உடுப்பு. மார்க்கெட்டில் இருந்த பஞ்சாபி டெய்லர் என் தொடையை அளந்துவிட்டு டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அளந்தார்.

"பேட்டா, இந்த இடுப்புக்கு இந்தத் தொடையா? துணியை வெட்டவா, காலை வெட்டவா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தொடைக்குத் தைத்தால் இடுப்பில் சாக்கு மாதிரி சுருங்கும், இடுப்புக்குத் தைத்தால் முட்டிக்கு மேல் ஏறாது. எப்படித் தைத்தாலும் சீட்டில் உரசி உரசி உள்தொடைப் பக்கம் தேய்ந்து ஓட்டை விழும். ஒட்டுப்போட்ட பேண்ட்டோடுதான் வேலைக்கு இன்டர்வியூ போனேன். நாற்காலியில் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

டெய்லர் சிரித்ததைக்கூட மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளை மறக்கவில்லை. மாமாவின் நண்பர்கள் சீட்டாட வருவார்கள். எல்லாம் தமிழ் ஆபீசர்கள். ஒருநாள் வெயில் தாங்காமல் அரை டிரவுசரோடு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமா உள்ளே கூப்பிட்டார்.

"ஏல, இங்க வா. சாருக்கு முன்னால நில்லு. ஆங், அப்படியே திரும்பு."

திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்று இன்றைக்கும் என்மேல் எரிச்சல் வருகிறது.

"என்ன சார் இது, மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு மாதிரி இருக்கான்?" என்றார் ஒருவர்.

"மேல திருநெல்வேலி. கீழ பஞ்சாப்," என்றார் மாமா.

சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மாமாவின் ஆறு வயது மகள் ஓடிவந்து என் ஆடுசதையைக் கிள்ளிப் பார்த்தாள்.

"அத்தான், உங்க கால் ஹாத்தி மாதிரி இருக்கு. பப்பா டெய்லி சொல்றாங்க."

ஹாத்தி என்றால் இந்தியில் யானை. குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கால் யாருடைய சோற்றைச் சுமந்து அப்படி ஆனது? சுமக்க வைத்தவனே ஆள் கூட்டி வைத்துச் சிரிக்கிறான். அந்த வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். போக ஒரு வேலை வேண்டும். வேறு வழி இல்லை.

சில மாதத்தில் மத்திய அரசின் ஒரு துறையில் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறினேன். அடுத்தது உடல் தேர்வு. ஓட்டம், உயரம், மார்பளவு. மூச்சை இழுத்தால் மார்பு இரண்டு அங்குலம் விரியவேண்டும். மாமா அறிவுரை சொன்னார்.

"லைன்ல நிக்கும்போதே நெஞ்ச நிமித்தி, மூச்சப் பிடிச்சு வச்சுக்கோ. உன் கோழி நெஞ்சு அவன் கண்ணுல படக்கூடாது."

மைதானத்தில் அரை டிரவுசரோடு நின்றேன். ஹரியானாப் பையன்கள் என் காலைக் காட்டிச் சிரித்தார்கள். ஓட்டம் தொடங்கியபின் யாரும் சிரிக்கவில்லை. முதல் ஆளாக வந்தேன். அதற்குப் பிறகு டேப். மாமா சொன்னபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹவில்தார் அளந்தார். "இப்ப மூச்சை இழு" என்றார். இழுத்தேன். டேப் நகரவே இல்லை.

"அரே மதராசி, கால் குதிரைக்கு, நெஞ்சு குருவிக்கா?" என்று இந்தியில் சொல்லிவிட்டு என்னை ஓரமாகத் தள்ளினார். ஓட்டத்தில் முன்னால் வந்ததால் ஒரு அதிகாரி மட்டும், சில வாரம் கழித்து இன்னொரு அளவு எடுப்போம், அதிலும் தேறாவிட்டால் அவ்வளவுதான் என்றார்.

வீட்டில் மாமாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"சைக்கிள் மிதிக்கிறவனுக்கு நெஞ்சு வராதுல. சத்தெல்லாம் காலுக்கு எறங்கிரும்."

"அப்போ கொஞ்ச நாளைக்கு சைக்கிள விட்டுர்றேன் மாமா. இந்த அளவு எடுக்கிற வரைக்கும்."

"அப்போ சாப்பாடு?"

"நீங்க காலைல கையோட..."

"நான் வயித்த எரிய விட்டுட்டு உனக்கு நெஞ்சு வளக்கணுமா? ஏல, போ."

அவர் சொன்னதை நான் முழுசாக நம்பினேன். அதுதான் கொடுமை. உடம்பில் இருப்பது ஒரு பானை சத்து, அதைக் கால் குடித்துவிட்டது, நெஞ்சுக்கு மிச்சமில்லை என்று நம்பினேன். சைக்கிளை விட்டால் படுக்க இடமில்லை. விடாவிட்டால் வேலையில்லை. அதனால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அத்தையின் பழைய சேலையைக் கிழித்து இரண்டு தொடையிலும் இறுக்கிச் சுற்றி, அதற்குமேல் பேண்ட் போட்டு சைக்கிள் ஓட்டினேன். காலை நெருக்கினால் சத்து மேலே ஏறும் என்று கணக்கு. அத்தை பிளவுஸ் தைக்க வைத்திருந்த இஞ்ச் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத இடத்தில் எல்லாம் நெஞ்சை அளந்தேன். பிடித்த மூச்சோடு அளப்பேன். அது ஏறவே இல்லை.

ஒருநாள் சங்கர் ரோடு மேட்டில் இடது கால் மரத்துப்போனது. பெடல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சைக்கிளோடு விழுந்தேன். கேரியரின் அடி அடுக்கு திறந்து ரசம் ரோட்டில் ஓடியது. ஓரத்தில் உட்கார்ந்து, புதருக்குப் பின்னால் போய், அந்தச் சேலைத் துண்டை எல்லாம் அவிழ்த்து எறிந்தேன். தொடையில் கயிறு கட்டிய மாதிரி வரிவரியாகச் சிவந்திருந்தது. மேடு ஏறிய இரைப்பு இன்னும் அடங்கவில்லை. கோபத்தில், பழக்க தோஷத்தில், டேப்பை எடுத்து நெஞ்சில் சுற்றினேன்.

மூச்சு இரைத்துக்கொண்டிருந்ததால் அதைப் பிடித்து வைக்க முடியவில்லை. வெளியே போகும்போது டேப் தளர்ந்து தொங்கியது. உள்ளே வரும்போது இறுகியது. விரலால் பிடித்துப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்கு மேலேயே இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை. மாமா பேச்சைக் கேட்டு, ஹவில்தார் அளக்கும் முன்பே அதை ஊதி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஊதிய பலூனை இன்னும் எவ்வளவு ஊத முடியும்? சைக்கிள் என் நெஞ்சைத் திருடவில்லை. இந்த மேடு ஏறித்தான் அந்த மூச்சே வந்திருக்கிறது.

சிரிக்கத் தோன்றவில்லை. அந்தத் தொடையைப் பார்த்து நான் எத்தனை நாள் வெட்கப்பட்டேன், எத்தனை பேர் முன்னால் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மிச்ச மூன்று அடுக்கை ஆபீசில் கொண்டு போய்க் கொடுத்தேன். விழுந்ததைப் பார்த்து, "அடி பட்டுச்சா" என்று அவர் கேட்கவில்லை. ரசத்தைத்தான் கேட்டார்.

இரண்டாவது அளவு நாளன்று காலையில் மாமா சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"டெஸ்ட் முடிஞ்சதும் நேரா ஆபீசுக்கு வந்துரு. அத்தை சீக்கிரமே சமைச்சிருவா. கேரியரக் கையோட கொண்டு போ. இன்னைக்கு ஒருநாள் லேசா ஆறியிருந்தாலும் பரவாயில்ல."

பெரிய மனது.

கேரியரை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனேன். அதே ஹவில்தார். டேப் நெஞ்சைத் தொட்டதும் மூச்சை முழுக்க வெளியே விட்டேன். தோள் தொங்க, கோழி நெஞ்சு தெரிய நின்றேன். "இழு" என்றார். இழுத்தேன். அவர் டேப்பைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார்.

"போன தடவை என்ன, தூங்கிட்டிருந்தியா?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் வரிசைக்குப் போகச் சொன்னார்.

டாக்டர் வரிசை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண், பாதம், முட்டி எல்லாம் பார்ப்பார்களாம். எனக்கு முன்னால் பெரிய கூட்டம். மாமாவின் சாப்பாட்டு வேளை நெருங்கியது. இப்போது கிளம்பினால் சாப்பாடு போய்ச் சேரும், வேலை போய்விடும். வரிசையில் என் இடத்தைப் பின்னால் நின்றவனிடம் சொல்லிவிட்டு சைக்கிள் பக்கம் போனேன். பூட்டைத் திறக்கவில்லை. கேரியரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அடுக்காகத் திறந்தேன். சாதம், ரசம், பீன்ஸ் பொரியல், தயிர். இவ்வளவு நாள் சுமந்திருக்கிறேன், அந்தக் கேரியரிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. முழுவதையும் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த பையன், "க்யா ஹை பையா, கட்டா வாலா?" என்று, புளிப்பு வாடை பிடித்து மூக்கை நீட்டினான். அவனுக்கும் மூடியில் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டு இன்னும் கேட்டான்.

டாக்டர் என்னைக் காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார். தொடை இரண்டும் ஒட்டி நின்றன. குனிந்து முட்டிகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். பேனாவால் தொடையைத் தட்டினார்.

"சைக்கிள்?"

"ஜி."

ஒரு டிக் போட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமா எனக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாஸா, பெயிலா என்று கேட்கவில்லை.

"எங்கல போய்த் தொலைஞ்ச? ஆபீஸ் வாசல்லயே நின்னேன். பச்சத் தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருந்தேன்."

கேரியரை அத்தையிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்தாள். எல்லாம் காலி. கழுவக் குழாயடிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"ரசம் எங்கல?"

"நான் குடிச்சிட்டேன் மாமா. ஆறித்தான் இருந்துச்சு. வயித்துக்கு ஒண்ணும் ஆகல."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் குழாயடியிலிருந்து அத்தை குரல் வந்தது.

"ஏய்யா, பாஸ் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் அத்தை."

"நாளைலேருந்து உங்க மாமாவுக்குக் காலைலயே கட்டிக் குடுத்துருதேன். நீ ஒறங்கு."

மறுநாள் காலை பால்கனியில் நின்று பார்த்தேன். மாமா பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். ரசம் சிந்திப் பேண்ட்டில் பட்டுவிடக்கூடாது என்று கேரியரை உடம்பிலிருந்து எட்டப் பிடித்திருந்தார். கை வலித்திருக்கவேண்டும். நாலு எட்டுக்கு ஒருதரம் கீழே வைத்து, கை மாற்றி எடுத்தார். நான் இறங்கிப் போகவில்லை.